ஒரு கேள்விக்கு எத்தனை நிமிடம்? அறிவியல், கணிதப் போட்டிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது

ஜூனில் பள்ளி திறந்த கையோடு போட்டிகளின் சுற்றறிக்கைகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒலிம்பியாட், திறனறிதல் தேர்வு, வினாடி வினா, விஞ்ஞான மந்தன், குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று பெயர்கள் நீளும். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் இரண்டே விஷயங்களைத்தான் விசாரிக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு? ஜெயித்தால் என்ன கிடைக்கும்? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு: ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள்? அதைக் கணக்கிட்டுவிட்டால், அந்தப் போட்டி பிள்ளையிடம் எதைத் தேடுகிறது என்பது ஏறக்குறைய விளங்கிவிடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். மேடை வினாடி வினாவில் பஸர் அழுத்தச் சில நொடிகள். வித்யார்த்தி விஞ்ஞான மந்தன் எனப்படும் வி.வி.எம். தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள், அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தனியார் அமைப்புகள் பள்ளிகள் வழியாக நடத்தும் ‘ஒலிம்பியாட்’களில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் 50 கேள்விகள். இளநிலை அறிவியலுக்கான தேசியத் தேர்வான என்.எஸ்.இ.ஜே.எஸ். இரண்டு மணி நேரத்தில் 60 கேள்விகள் கேட்கிறது. கேள்விக்கு இரண்டு நிமிடம். கணித ஒலிம்பியாடின் முதற்படியான ஐ.ஓ.க்யூ.எம். தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு 30 கேள்விகள், கேள்விக்கு ஆறு நிமிடம். அதற்கடுத்த, வட்டார அளவிலான ஆர்.எம்.ஓ.வில் அதே மூன்று மணி நேரத்துக்கு ஆறே ஆறு. தேசிய அளவிலான ஐ.என்.எம்.ஓ.வில் நாலரை மணி நேரத்துக்கு ஆறு. சர்வதேசப் போட்டியில் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம், மூன்று கணக்குகள். ஒரு கணக்கோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டலாம். குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலோ ஒரே ஒரு கேள்வி, அதையும் பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும், சில மாதங்கள் அவகாசம்.

இதெல்லாம் வெறும் வேக வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரே ஒரு முற்றொருமையை எடுத்துக்கொண்டு பார்த்தால் எவ்வளவு தூரம் விலகிப் போகிறது என்பது தெரியும். a² − b² = (a + b)(a − b). நடுநிலை வகுப்புகளிலேயே எல்லாருக்கும் வந்துவிடுகிற பாடம். பஸர் சுற்றில் ‘51² − 49² எவ்வளவு?’ என்று கேட்பார்கள். முற்றொருமை நாக்கு நுனியில் இருக்கும் பிள்ளை 100, 2, ஆக 200 என்று இரண்டு நொடியில் சொல்லிவிடும். ஐ.ஓ.க்யூ.எம். பாணியில் கேட்டால் இப்படி இருக்கும்: ‘1 முதல் 100 வரையுள்ள எண்களில் எத்தனை எண்களை இரண்டு வர்க்க எண்களின் வித்தியாசமாக எழுதலாம்?’ இங்கே வாய்ப்பாடு மட்டும் போதாது; சிறிய எண்களை எழுதிப் பார்க்க வேண்டும். 1 முடிகிறது, 2 முடியவில்லை, 3, 4, 5 முடிகின்றன, 6 முடியவில்லை, 10 முடியவில்லை. நான்கால் வகுத்தால் மீதி 2 வரும் எண்கள் மட்டும் அடம்பிடிக்கின்றன என்பது பிடிபட்டால் அப்படிப்பட்டவை 25, ஆகவே விடை 75. இதுவே ஆர்.எம்.ஓ.வாக இருந்தால் ‘75’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஏன் முடியாது என்று நிறுவ வேண்டும். (a + b), (a − b) இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 2b. எனவே இரண்டும் ஒற்றைப்படையாகவோ இரண்டும் இரட்டைப்படையாகவோதான் இருக்கும். பெருக்கினால் ஒற்றை எண் வரும், இல்லாவிட்டால் நான்கின் மடங்கு வரும், இடைப்பட்டது வராது. மறுபக்கம் 4k = (k + 1)² − (k − 1)² என்றும், ஒற்றை எண்களுக்கு அதுபோன்ற இன்னொன்றையும் எழுதிக் காட்ட வேண்டும்.

பாடம் ஒன்றுதான். முதல் கேள்வியில் கலக்கும் பிள்ளை மூன்றாவதில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், முதல் கேள்வியில் வாயே திறக்காத பிள்ளை மூன்றாவதை அழகாக எழுதி முடிப்பதும் வகுப்பறைகளில் அன்றாடம் நடப்பது. எந்தப் போட்டி உயர்ந்தது என்ற விவாதத்தைவிட, நம் வீட்டுப் பிள்ளைக்கு எந்த வேகம் என்று பார்ப்பது பயனுள்ளது.

மேடை வினாடி வினாவைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசும் வழக்கம் ஒலிம்பியாட் வட்டாரத்தில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சபைக் கூச்சம் போக, தோழனோடு ஒரு நொடியில் கண்ஜாடையிலேயே கலந்துபேச, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு அடுத்ததற்குத் தயாராக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. குறை போட்டியில் இல்லை, கேள்வி தயாரிப்பவர்களிடம் இருக்கிறது. நியூட்டன் பிறந்த ஊர் எது, டங்ஸ்டனின் குறியீடு என்ன என்று கேட்டே ஒரு பிற்பகலை ஓட்டிவிடுகிறார்கள். அறிவியல் வினாடி வினா என்ற பெயரில் நடப்பது பல நேரம் அறிவியலாளர்களைப் பற்றிய பொது அறிவுப் போட்டிதான். ‘மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலில் ஜில்லென்றிருக்கிறது, ஐப்பசி மழை நாளில் ஏன் அவ்வளவு குளிர்வதில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆவியாதல், காற்றின் ஈரப்பதம் இரண்டையும் சேர்த்து யோசிக்கும் பிள்ளை பத்து நொடியில் சொல்லும். அப்படிப்பட்ட கேள்விகளும் இந்த வடிவத்துக்குள் அடங்கும்.

இந்த வடிவத்தை ஒரு நாடே எப்படிக் கொண்டாட முடியும் என்பதற்கு கானா நல்ல உதாரணம். அங்கே 1993-இல் உருவான தேசிய அறிவியல், கணித வினாடி வினா இன்று தொலைக்காட்சித் திருவிழா. பள்ளிக்கு இரண்டு பேர், ஐந்து சுற்றுகள். அதில் ஒரு சுற்று முழுக்க வேகம். ஆனால் இன்னொரு சுற்றில் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து நான்கு நிமிடம் எழுத விடுகிறார்கள். கடைசிச் சுற்று விடுகதை: ஒரு அறிவியல் கருத்தையோ பொருளையோ பற்றிக் குறிப்புகள் ஒவ்வொன்றாக வரும், முதல் குறிப்பிலேயே சொன்னால் ஐந்து மதிப்பெண், பிந்தப் பிந்தக் குறையும். 2006 முதல் கேள்வி கேட்பவர் கானா பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவப் பொறியியல் பேராசிரியர் எல்சி காஃப்மன். அக்ராவின் பிரஸெக் பள்ளி 2023 வரை எட்டு முறை கோப்பையை வென்றிருக்கிறது. பழைய மாணவர்கள் கால்பந்து ரசிகர்களைப் போல அரங்குக்கு வந்து பாடுகிறார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு மட்டும் கிடைக்கும் மரியாதை அது. பள்ளியில் வினாடி வினா நடத்தும் ஆசிரியர்கள் அந்த நான்கு நிமிடச் சுற்றையும் விடுகதைச் சுற்றையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தன் ‘துளிர்’ இதழின் பெயரில் வினாடி வினாக்களையும் திறனறிதல் தேர்வுகளையும் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. தமிழிலேயே பங்கேற்கலாம். கிராமத்துப் பிள்ளை பள்ளிக்கு வெளியே அறிவியலோடு முதன்முதலாகக் கைகுலுக்குவதற்கு இதைவிட எளிய வாசல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, நிமிடத்துக்கு ஒரு கேள்வி வகை. வி.வி.எம். போட்டியை விஞ்ஞான பாரதி அமைப்பு என்.சி.இ.ஆர்.டி. போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து நடத்துகிறது. ஆறாம் வகுப்பு முதல் பதினொன்று வரை, இணைய வழியில், தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில். பள்ளிப் பாடமும் இந்திய அறிவியல் வரலாறும் அறிவியலாளர் வாழ்க்கையும் கலந்திருக்கும். நன்றாகப் படிக்கும், நினைவாற்றல் உள்ள பிள்ளைக்குப் பொருந்தும். மாநில, தேசிய முகாம் வரை போனால் அங்கே கிடைக்கும் பழக்கம் நல்லது. முதல் சுற்றைப் பொறுத்தவரை அது வாசிப்புக்கான சோதனை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் ஒலிம்பியாட்களைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பெயரில் ‘சர்வதேச’ இருக்கும், பதக்கம் தங்க நிறத்தில் இருக்கும், பள்ளியின் வரவேற்பறையில் படமும் மாட்டுவார்கள். ஆனால் உலகப் போட்டிகளுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் பாதை அங்கே தொடங்குவதில்லை. அந்தப் பாதை மும்பை மான்குர்தில் உள்ள, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் வழியாக மட்டுமே போகிறது. ஆறு, ஏழாம் வகுப்பில் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழகுவதற்கு இந்தத் தேர்வுகள் தவறில்லை. ஒன்பதாம் வகுப்பிலும் வருடத்துக்கு நான்கைந்து எழுதவைப்பது, பணத்தைவிடப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்குவது.

என்.எஸ்.இ.ஜே.எஸ். தேர்வை இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பர் பிற்பகுதியில் நடத்துகிறது. 60 கேள்விகளில் 48 கேள்விகளுக்குச் சரியான விடை ஒன்றுதான். சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு. மீதி 12 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால் 6, கழிவு கிடையாது. மொத்தம் 216. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வரும், கணக்கும் உள்ளே புகுந்திருக்கும். மனப்பாடம் பாதி தூரம்தான் கொண்டுபோகும். இந்த வகையில் ஒரு கேள்வி: தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டிக்குள் ஒரு சிறு இரும்புக் குண்டு உறைந்திருக்கிறது, பனி முழுதும் உருகிய பின் குவளையின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? ‘பனிக்கட்டி உருகினால் மட்டம் மாறாது’ என்று பாடத்தில் படித்ததை ஒப்பிக்கும் பிள்ளை இங்கே சறுக்கும். மிதக்கும்போது இரும்பு தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கியது. மூழ்கிய பின் தன் பருமனளவு நீரை மட்டுமே விலக்குகிறது. எனவே மட்டம் இறங்கும். இரண்டு நிமிடத்தில் இதை யோசிக்க ஆர்க்கிமிடீஸ் விதி பழகியிருந்தால் மட்டும் போதாது, அதோடு விளையாடியும் இருக்க வேண்டும்.

இந்தத் தேர்வில் பலர் கோட்டைவிடும் இடம் வயது. இது கொண்டுபோய்ச் சேர்க்கும் சர்வதேச இளநிலை அறிவியல் ஒலிம்பியாட் 2004-இல் ஜகார்த்தாவில் தொடங்கியது. 2013-இல் புணேயில் நடந்தது. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 16 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது அதன் விதி. இந்த நவம்பரில் எழுதும் தேர்வு அடுத்த ஆண்டு டிசம்பர் போட்டிக்கானது. ஆக, பத்தாம் வகுப்பில் ‘இப்போதுதான் தயாரானோம்’ என்று விண்ணப்பிக்கப் போனால், கணிசமான பிள்ளைகளுக்கு வயது கடந்திருக்கும். இதற்கு உரிய ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்பின் கோடை விடுமுறையிலேயே பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இறுதிப் போட்டியில் மூன்று பேர் கொண்ட குழுவாகச் சோதனை செய்யும் பகுதியும் உண்டு. ஆய்வகத்தைப் பூட்டியே வைத்திருக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய தடை. முதற்சுற்றுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கணிதப் பக்கம் வந்தால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. 1965-இல் தொடங்கப்பட்ட, சென்னையை மையமாகக் கொண்ட ஏ.எம்.டி.ஐ. என்னும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் என்.எம்.டி.சி. என்ற திறனறி போட்டியை நடத்துகிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர்: ஐந்து, ஆறாம் வகுப்புக்கு காஸ், ஏழு, எட்டுக்கு கப்ரேகர், ஒன்பது, பத்துக்கு பாஸ்கரா, மேல்நிலைக்கு ராமானுஜன், கல்லூரிக்கு ஆர்யபட்டா. கப்ரேகர் பெயரைப் பார்த்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இல்லாத ஏதேனும் நான்கிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு படிக்குள் 6174 வந்து நிற்கும் என்று கண்டுபிடித்தவர். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலை வரை அது நோட்டை மூடுகிறதா என்று பாருங்கள். மூடவில்லை என்றால் எந்தப் போட்டிக்கு அனுப்பலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

என்.எம்.டி.சி.யின் முதற்சுற்று ஆகஸ்ட் வாக்கில் வரும், விடையை மட்டும் குறிக்கும் தேர்வு. இறுதிச்சுற்றில் வழிமுறையை முழுதாக எழுத வேண்டும். ஐ.ஓ.க்யூ.எம்.-ஐ விட இதை முதலில் முயலச் சொல்வேன். காரணம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வயதுக்கேற்ற கேள்வித்தாள் இங்கே கிடைக்கிறது. ஐ.ஓ.க்யூ.எம்.-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனும் ஒரே தாளைத்தான் எழுதுகிறார்கள்.

அந்த ஐ.ஓ.க்யூ.எம். வந்தது 2020-21-இல், பெருந்தொற்றுக் காலத்தில். 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் விடை 00 முதல் 99 வரை ஓர் எண். பத்துக் கேள்விகளுக்கு 2 மதிப்பெண், பத்துக்கு 3, பத்துக்கு 5, ஆக 100. தவறான விடைக்குக் கழிவு இல்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறிக்கும் வழியும் இல்லை. பாடம் என்று பார்த்தால் எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், எண்ணிக்கையியல். நுண்கணிதம் தேவைப்படாது. ஆனால் பள்ளிப் பாடப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். பள்ளியில் 98 வாங்கும் பிள்ளை இங்கே முதல் முறை 20 வாங்குவது வழக்கமான செய்தி. அந்த 20-ஐ வீட்டில் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் பல பிள்ளைகளின் கணித ஆசை தங்குவதும் கருகுவதும் இருக்கிறது. ‘இவ்வளவுதானா?’ என்று கேட்கும் வீடாக இருந்தால் இந்தத் தேர்வே வேண்டாம், வி.வி.எம். போதும்.

மேலே போனால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.என்.எம்.ஓ. தாண்டிய மாணவர்கள் பயிற்சி முகாமுக்குப் போவார்கள்; அதிலிருந்து ஆறு பேர் சர்வதேச கணித ஒலிம்பியாடுக்கு. 1959-இல் ருமேனியாவில் தொடங்கிய போட்டி அது. இந்தியா 1989 முதல் கலந்துகொள்கிறது, 1996-இல் மும்பையில் நடத்தியது. 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நான்கு தங்கத்தோடு நான்காம் இடம். மாணவிகளுக்கு ஒரு தனி வாசலும் உண்டு: 2012-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஐரோப்பிய மாணவியர் கணித ஒலிம்பியாடுக்கு இந்தியாவிலிருந்தும் நான்கு பேர் கொண்ட அணி போகிறது, தேர்வு இதே படிகள் வழியாகத்தான். ‘பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு கணக்கு’ என்று இன்னும் கேட்கும் உறவினர்களுக்கு இந்தத் தகவல் பயன்படும்.

உயர்கல்விப் பலனைக் கேட்பவர்களுக்கு: ‘நீட்டுக்கு உதவுமா சார்?’ என்றால், மதிப்பெண்ணாக எதுவும் உதவாது. அறிவியலில் அடித்தளம் போட என்.எஸ்.இ.ஜே.எஸ். தயாரிப்பு நிச்சயம் உதவும், அவ்வளவுதான். கணிதத்தையே படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கதை வேறு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் தேசிய ஒலிம்பியாடில் சிறந்தவர்களை நுழைவுத் தேர்வுக்கு அப்பாலும் சேர்த்துக்கொள்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் 2025-26 கல்வியாண்டு முதல் ஒலிம்பியாட் சாதனையாளர்களுக்கெனத் தனி இடங்களை ஒதுக்கியிருக்கிறது. ஆனால் இவை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள். இதற்காகவே பிள்ளையை எட்டாம் வகுப்பிலிருந்து பயிற்சி மையத்தில் போட்டு வதைப்பது கணக்குக்கு ஒத்துவராது.

மொழி விஷயத்தில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. ஐ.ஓ.க்யூ.எம்., என்.எஸ்.இ.ஜே.எஸ். இரண்டையும் தமிழ்வழி மாணவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படித்து எழுத வேண்டியிருக்கிறது. சர்வதேச கணித ஒலிம்பியாடிலோ ஒவ்வொரு மாணவரும் தன் மொழியில் கேள்வித்தாளைப் பெற்றுத் தன் மொழியில் விடை எழுதலாம். உச்சிப் படியில் இருக்கும் சலுகை முதற்படியில் எளிதாகக் கிடைப்பதில்லை. நடைமுறையில் கணிதத்துக்கு இது கடக்கக்கூடிய தடைதான். ஐம்பது, அறுபது ஆங்கிலக் கலைச்சொற்கள் தெரிந்தால் பழைய வினாத்தாள்களைப் படித்துவிடலாம், அவை ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உயிரியல் பகுதி நீண்ட வாக்கியங்களில் வரும் என்.எஸ்.இ.ஜே.எஸ்.-க்குத்தான் தமிழ்வழிப் பிள்ளை கூடுதலாக உழைக்க வேண்டும். தமிழ்வழியில் படிக்கும், கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நான் கணித ஒலிம்பியாடையே சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தத் தேர்விலும் அடங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்பார்கள். அவர்களுக்குத்தான் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தி வளர்த்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரையுள்ள இரண்டு பேர், ஒரு வழிகாட்டி ஆசிரியர், உள்ளூர்ப் பிரச்சினை ஒன்று. ஊர்க் குளத்து நீர் எந்த மாதம் எப்படி மாறுகிறது, பள்ளிச் சத்துணவில் எவ்வளவு வீணாகிறது, தெருவிளக்கு மாற்றிய பிறகு பூச்சிகள் குறைந்தனவா என்று எதையும் எடுக்கலாம். தமிழிலேயே அறிக்கை எழுதிப் பேசலாம். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போகும். ஒரே எச்சரிக்கை: வழிகாட்டி ஆசிரியரே எழுதிக்கொடுத்து, பிள்ளைகள் ஒப்பிக்கும் ஆய்வுகள் மேடையில் நிறையவே உண்டு, நடுவர் இரண்டாவது கேள்வி கேட்டதும் சாயம் போய்விடும். அளந்த நோட்டு பிள்ளையின் கையெழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை என்றால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்பாக என்.எம்.எம்.எஸ். தேர்வு. அது போட்டி இல்லை, உதவித்தொகைத் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. தமிழ்நாட்டுக்கான ஒதுக்கீடு 6,695 பேர். வினாத்தாள் தமிழிலும் உண்டு. ஒலிம்பியாட் கௌரவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு விசாரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: என்.டி.எஸ்.இ. திறனறித் தேர்வு 2021-க்குப் பிறகு நடக்கவில்லை. கே.வி.பி.ஒய். உதவித்தொகைத் திட்டமும் தனித் தேர்வாக இப்போது இல்லை. இவற்றின் பெயரைச் சொல்லிப் பயிற்சிக் கட்டணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு கல்வியாண்டில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. அந்த இரண்டும் வெவ்வேறு வேகத்தில் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். துறுதுறுவென்று பதில் சொல்லும் பிள்ளைக்கு வினாடி வினாவை விட்டுவிடாமல், கூடவே என்.எம்.டி.சி. எழுதச் சொல்லுங்கள்; நின்று யோசிக்க அது பழக்கும். ஒரு கணக்கை இரவு வரை தூக்கிக்கொண்டு அலையும் பிள்ளைக்கு ஐ.ஓ.க்யூ.எம். பிரதானம், அதோடு பள்ளி வினாடி வினாக் குழுவில் ஓர் இடம், பேசிப் பழகட்டும். உயிரியலும் வேதியியலும் பிடித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் படிக்கத் தயங்காவிட்டால், என்.எஸ்.இ.ஜே.எஸ்.-ஐத் தாராளமாகச் சொல்வேன். கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்குக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் கிடைக்காவிட்டால் புதிய யோசனைகளுக்கு 10,000 ரூபாய் தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், அதற்குப் பள்ளி வழியாகத்தான் பெயர் போக வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டு ஐ.ஓ.க்யூ.எம். எழுதியிருந்தால் மட்டும் இன்னொரு முறை எழுதலாம்.

நாட்காட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் போட்டிகள் நம் பள்ளித் தேர்வுகளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஐ.ஓ.க்யூ.எம். செப்டம்பர் தொடக்கத்தில், காலாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்னால். ஆர்.எம்.ஓ. தீபாவளியை ஒட்டி. என்.எஸ்.இ.ஜே.எஸ். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால். ஐ.என்.எம்.ஓ. பொங்கல் விடுமுறை முடிந்த சூட்டோடு. கட்டணங்கள் எல்லாம் சில நூறு ரூபாய்க்குள்தான். செலவு பிடிப்பது தேர்வு மையத்துக்குப் போய்வருவதில். சிறு ஊர்களில் இருப்பவர்கள் பதியும்போதே எந்த மையம் அருகில் என்று பார்த்து, முடிந்தால் இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சேர்ந்து ஒரே மையத்தைக் குறித்துவிடுவது நல்லது. கணக்கு போடவும் துணை, பஸ்ஸுக்கும் துணை. ஐ.ஓ.க்யூ.எம். பதிவு ஜூலை, ஆகஸ்டிலும் என்.எஸ்.இ.ஜே.எஸ். பதிவு செப்டம்பரிலும் முடிந்துவிடும். பள்ளியிலிருந்து தகவல் வரும் என்று காத்திருக்காமல் நீங்களே இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.